இன்னும் எவ்வளவு தூரம்? குடும்பக் கார் பயணமும் சுலபமான சைவச் சமையலும்: வாசகர் கேள்வி பதில்

விடுமுறை நெருங்கினால் வருகிற கடிதங்களில் பாதி காரைப் பற்றி, மீதி அடுப்பைப் பற்றி. இந்த முறை இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். படித்துப் பார்த்தால் பெரும்பாலான கடிதங்களுக்குள் ஒரே கேள்விதான் ஒளிந்திருக்கிறது: எல்லாரும் ஜாலியாகப் போகிற பயணத்தில் ஒருத்தர் மட்டும் ஏன் முன்னாலும் பின்னாலும் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும்? என் பதில்கள் எல்லாம் அந்த ஒருத்தர் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஏழு மணி நேரக் கார் பயணம். வழியில் நல்ல சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று தெரியாததால் எல்லா வேளைக்கும் நானே சமைத்து எடுத்துப் போகலாம் என்று இருக்கிறேன். முதல் நாள் இரவே செய்து வைத்தால் கெடாமல் இருக்குமா? எதைச் செய்யலாம்?
— இரண்டு பிள்ளைகளின் அம்மா

பதில்: எல்லா வேளைக்கும் வேண்டாம் அம்மா, ஒரே ஒரு வேளைக்குச் செய்யுங்கள், அதற்கு மேல் கொறிக்கக் கொஞ்சம் இருந்தால் போதும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மலைபோல் சமைத்து, டப்பா டப்பாவாக அடைத்து, காரில் ஏறியதும் அசந்து தூங்கிப்போய், வழியில் இருக்கிற அழகெல்லாம் பிள்ளைகள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

கெடுவதைப் பற்றி. சமைத்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை. அதற்குக் கீழே குளிராக இருக்க வேண்டும், அல்லது மேலே சூடாக இருக்க வேண்டும், நடுவில் வெதுவெதுப்பாக இருப்பதுதான் ஆபத்து. அப்படி நடுவில் இருக்கிற உணவுக்கு இரண்டு மணி நேரம் என்பது பொதுவான கெடு. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி போல ஏறிவிடும், கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. (அதே காரணத்துக்காக, “ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்” என்று குழந்தையைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். இது சமையல் கேள்வி இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

சாதத்தை நாம் ரொம்ப சாதுவான பண்டம் என்று நினைக்கிறோம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கிற தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும், வடித்த சாதத்தை அப்படியே பாத்திரத்தில் இரவு முழுக்க விட்டால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் இரவே செய்தால், அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், காலையில் அங்கிருந்து நேராக ஐஸ் பெட்டிக்குப் போகட்டும், மறுநாளே தீர்த்துவிடுங்கள். எலுமிச்சையோ புளியோ சேர்த்துக் கிளறிய சாதம் வெறும் சாதத்தைவிடத் தாக்குப்பிடிக்கும், புளிப்பு கிருமிகளின் வேகத்தைக் குறைக்கும் என்பதால். ஆனால் அதை நாள் முழுக்க வெயிலில் வைக்கலாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சூடாகக் கொண்டுபோவதென்றால் வாய் அகன்ற பிளாஸ்க்தான் நல்லது. அதிலும் ஒரு வேலை இருக்கிறது: முதலில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடிப் பத்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க இறக்கிய உணவை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். பாதி நிரப்பிய பிளாஸ்க் சீக்கிரம் ஆறிப்போகும்.

தேங்காய் அரைத்துப் போட்டது, தயிர், பன்னீர், வேகவைத்த கிழங்கு, இவையெல்லாம் ஐஸ் பெட்டிக்கு. பெட்டிக்கென்று தனியாக ஐஸ் வாங்காமல், முதல் நாளே தண்ணீர் பாட்டில்களை உறையவைத்துவிடுங்கள் (மேலே கொஞ்சம் இடம் விட்டு, தண்ணீர் உறைந்தால் விரியும்). பெரிய கட்டி சின்னத் துண்டுகளைவிட மெதுவாக உருகும், உருகினால் குடிக்கவும் ஆச்சு. பிள்ளைகளின் ஜூஸை மட்டும் இந்தப் பெட்டியில் வைக்காதீர்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பார்கள்.

மற்றபடி கவலையே இல்லாதவை: வறுத்த கடலை, பொரி, காய்ந்த ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய் தடவிய பிரெட், வாழைப்பழம், ஆப்பிள், ஆரஞ்சு, முழு வெள்ளரி. வெள்ளரியை வீட்டிலேயே நறுக்காமல் சாப்பிடும்போது நறுக்குங்கள், அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

கேள்வி: என் எட்டு வயது மகள் கார் ஏறினாலே வாந்தி. பட்டினியாகக் கூட்டிப் போனாலும் எடுக்கிறாள், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாலும் எடுக்கிறாள். பயணம் என்றாலே வீட்டில் எல்லாருக்கும் பயம்.
— பிளாஸ்டிக் பை இல்லாமல் வெளியே போகாதவள்

பதில்: பையை விடாதீர்கள், அது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உங்கள் மகள் இதில் தனி ஆள் இல்லை, இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரைதான் இந்தத் தொல்லை அதிகம், பெரும்பாலும் வளர வளரக் குறையும். உள்காது “நகர்கிறோம்” என்று சொல்கிறது, முன் சீட்டின் முதுகையோ புத்தகத்தையோ பார்த்துக்கொண்டிருக்கிற கண் “எதுவும் நகரவில்லை” என்று சொல்கிறது. இரண்டு பேரும் ஒத்துப்போகாததில் மூளை குழம்பிப்போய் வயிற்றின் மேல் கோபத்தைக் காட்டுகிறது.

ஆகவே கண்ணுக்கும் அசைவு தெரிய வேண்டும். முன் கண்ணாடி வழியாகத் தூரத்துச் சாலை தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள், பின் சீட்டின் நடுவில் அவளுக்கேற்ற பாதுகாப்பு இருக்கையும் பெல்ட்டும் சரியாகப் பொருந்தினால் அங்கே. போன், படம் வரைதல், கதைப்புத்தகம் எதுவும் கூடாது, காதால் கேட்கிற கதைகள் சரி. பட்டினியும் தப்பு, வயிறு முட்டவும் தப்பு: கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எண்ணெய் அதிகமில்லாத, காரமில்லாத ஏதாவது கொஞ்சம், பிறகு வழியில் காய்ந்த பிஸ்கட், சிறு சிறு வாய் தண்ணீர். காருக்குள் வாசனை திரவியம் தொங்கினால் முதலில் அதைக் கழற்றுங்கள். இஞ்சி சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை, கொடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை. மாத்திரை வேண்டுமென்றால் குழந்தை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்கிற அளவில் கிளம்புவதற்கு முன்பே கொடுக்க வேண்டும், வாந்தி ஆரம்பித்த பிறகு கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அந்த மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைப்பவை, ஓட்டுகிற ஆள் அதைத் தொடக்கூடாது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், “வாந்தி வருதா? வருதா?” என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்காதீர்கள். வராத பிள்ளைக்கும் வரும்.

கேள்வி: போன் கொடுக்காமல் பின் சீட்டில் மூன்று பேரை எப்படிச் சமாளிப்பது? ஒன்றரை மணி நேரத்தில் அடிதடி ஆரம்பித்துவிடுகிறது. வயது 6, 9, 13.
— நடுவர் வேலை பார்க்கும் அப்பா

பதில்: 13 வயதுக்காரரை முதலில் விலைக்கு வாங்குங்கள். அவருக்கு ஒரு பதவி வேண்டும். பாட்டுகளின் வரிசை, அடுத்து எங்கே நிறுத்துவது, எவ்வளவு தூரம் ஆச்சு என்கிற கணக்கு, இதெல்லாம் அவர் கையில். பதவி வந்ததும் சின்னவர்களோடு சண்டை போடுவது அவருக்கே கௌரவக் குறைச்சலாகத் தெரியும்.

விளையாட்டுகளில் என் முதல் ஓட்டு சொல் சங்கிலிக்கு. ஒருவர் சொல்கிற சொல்லின் கடைசி எழுத்து எதுவோ அந்த மெய்யில் அடுத்தவர் தொடங்க வேண்டும், உயிர் எதுவாக இருந்தாலும் சரி. பழம், மயில், லாரி, ரிப்பன். ரிப்பன் சொன்னவர் அவுட்! ஏனென்றால் ‘ன’வில் தொடங்குகிற சொல் தமிழில் இல்லை. ழ, ள, ற, ன, ண இந்த ஐந்தில் முடிகிற சொல்லைச் சொன்னால் ஆட்டம் இழப்பு என்று விதி வைத்துவிட்டால், விளையாட்டு சட்டென்று கடினமாகிவிடும், வாயில் வருகிற முதல் சொல்லில் பாதி ‘ன்’னிலோ ‘ள்’ளிலோதான் முடியும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். ஆறு வயதுக்கு மட்டும் விதியில் சலுகை கொடுங்கள்.

கணக்குப் பிடித்த பிள்ளைக்குக் கிலோமீட்டர் கல். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரை எத்தனை நொடி என்று பார்த்து, 3600-ஐ அதால் வகுத்தால் வண்டியின் வேகம். 45 நொடி என்றால் மணிக்கு 80. அப்பா ஓட்டுகிற வேகம் எல்லையைத் தாண்டினால் பின் சீட்டிலிருந்தே நோட்டீஸ் வரும், அது தனி லாபம். மழை வந்தால் மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எத்தனை நொடி என்று எண்ணி மூன்றால் வகுக்கச் சொல்லுங்கள், இடி எத்தனை கிலோமீட்டர் தள்ளி விழுந்தது என்று ஏறக்குறையத் தெரியும். மலையேறும்போது, வாங்கி வைத்த சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் வைத்து அது உப்புவதைப் பார்க்கச் சொல்லுங்கள், வெளியே காற்றழுத்தம் குறையக் குறைய உள்ளே அடைத்த காற்று விரிகிறது. பாடப்புத்தகத்தில் படித்தால் கொட்டாவி விடுகிற விஷயம்தான், சிப்ஸ் என்றால் கவனிப்பார்கள்.

ஒன்பது வயதுக்கு நம்பர் பிளேட். எதிரே வருகிற வண்டியின் எண்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கணும், அவ்வளவுதான்.

எல்லாம் இருந்தும் சண்டை வரும். அப்போது திரும்பிப் பார்த்துக் கத்தாதீர்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது, மூன்று நொடி திரும்பினால் 66 மீட்டர் சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறீர்கள். பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டி நிறுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருங்கள். சத்தமில்லாத அப்பாவைப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பயம்தான்.

கேள்வி: என் கணவர் கிளம்பினால் போய்ச் சேர்கிற வரை நிறுத்தமாட்டார். பாத்ரூம் போகக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. இத்தனை மணி நேரத்தில் வந்துவிட்டேன் என்று போய் இறங்கியதும் எல்லாரிடமும் பெருமை வேறு.
— தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறவள்

பதில்: சார், இதை உங்கள் மனைவி உங்களுக்குப் படித்துக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது 15 நிமிடம் நிறுத்துவது என்பது பல நாடுகளின் சாலைப் பாதுகாப்பு அறிவுரை. மூளை களைத்துப்போவதை ஓட்டுகிறவர் உணர்வதே தாமதமாகத்தான், கண் சொக்குகிறது என்று தெரியும்போது ஏற்கனவே நேரம் கடந்துவிட்டது. மதியம் இரண்டிலிருந்து நான்கு, இரவு இரண்டிலிருந்து விடியற்காலை ஆறு, உடம்பு தானாகவே தூக்கத்துக்கு ஏங்குகிற நேரங்கள், அந்த நேரத்தில் சாதனை வேண்டாம். தூக்கம் வந்தால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் வேலைக்கு ஆகாது. நிறுத்தி, ஒரு காபி குடித்து, உடனே 15, 20 நிமிடம் கண்ணை மூடுங்கள், எழும்போதுதான் காபியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

கைக்குழந்தை இருந்தால் இன்னும் கட்டாயம். குழந்தை இருக்கையில் சாய்ந்த நிலையிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, எடுத்துப் படுக்கப் போட்டுக் கை கால் நீட்ட விட வேண்டும்.

அம்மா, நீங்கள் தண்ணீர் குடியுங்கள். பயணத் திட்டம் போடும்போதே நிறுத்தங்களைக் குறித்துப் பேப்பரில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். கெஞ்சினால் நிற்காத வண்டி அட்டவணை என்றால் நிற்கும், சில ஆண்களின் குணம் அப்படி.

கேள்வி: கிளம்பும் முன் காரில் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: டயர். மற்றதை மெக்கானிக் பார்த்துக்கொள்வார். வண்டி ஓடிச் சூடாகும் முன் காற்றழுத்தத்தைப் பாருங்கள், ஆள் நிறைய, லக்கேஜ் நிறைய என்றால் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருப்பார்கள். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை. ஸ்டெப்னிக்கு மேல் ஐந்து பெட்டியை அடுக்கிவிட்டுப் பஞ்சர் ஆனதும் எல்லாவற்றையும் சாலையோரம் இறக்கி வைக்கிற காட்சி எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி: மலை மேல் ஒரு வீடு எடுத்து நான்கு நாள் தங்கப் போகிறோம். ஒரே ஒரு அடுப்பு, இரண்டு பாத்திரம் என்று சொல்லியிருக்கிறார்கள். எட்டுப் பேருக்கு என்ன சமைப்பது? போன முறை அங்கே பருப்பு வேகவே இல்லை.
— சுற்றுலாவிலும் சமையல்காரி

பதில்: பருப்பின் மேல் தப்பில்லை, உயரத்தின் மேல்தான். ஒவ்வொரு 300 மீட்டர் ஏறும்போதும் தண்ணீர் கொதிக்கிற வெப்பநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறைந்துகொண்டே வரும். 2000 மீட்டரில் 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும், பார்க்கக் கொதிக்கிற மாதிரிதான் இருக்கும், ஆனால் அந்தச் சூட்டில் பருப்பும் கிழங்கும் வேக நேரம் பிடிக்கும். தீயைக் கூட்டினால் கேஸ்தான் வீண், தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது. இதற்காகத்தான் பிரஷர் குக்கர்: ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டி உள்ளே 120 டிகிரியை ஒட்டிக் கொண்டுபோகும். டிக்கியில் எதற்கு இடமில்லாவிட்டாலும் ஐந்து லிட்டர் குக்கருக்கு இடம் பண்ணுங்கள், மலையில் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் சேர்த்து விடுங்கள்.

குக்கர் வந்துவிட்டால் எட்டுப் பேர் ஒரு கூட்டமே இல்லை. இரண்டு கப் அரிசி, ஒரு கப் பாசிப்பருப்பு, கைக்குக் கிடைத்த காய், உப்பு, மஞ்சள், இஞ்சி, ஒன்பது பத்து கப் தண்ணீர், ஐந்து லிட்டர் குக்கருக்கு இதுதான் எல்லை. பருப்பு சேர்ந்தால் பாதி உயரத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, நுரை பொங்கி ஆவி போகிற துளையை அடைத்துவிடும். இறக்கியதும் நெய்யோ எண்ணெயோ காய்ச்சி மிளகும் சீரகமும் பொரித்துக் கொட்டினால் சாப்பாடு முடிந்தது. பெரிய பசி உள்ளவர்களுக்குப் பக்கத்தில் பிரெட்.

இன்னொரு நாளைக்குப் பாஸ்தா, அதையும் ஒரே பாத்திரத்தில். வெங்காயம், பூண்டு, தக்காளியை எண்ணெயில் நன்றாக வதக்கி, அதிலேயே அரைக் கிலோ பாஸ்தாவைக் கொட்டி, மூழ்குகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, அடிக்கடி கிளறிக்கொண்டே வேகவைத்தால் பாஸ்தாவிலிருந்து இறங்குகிற மாவுச்சத்தே குழம்பாகக் கெட்டிப்படும். வடிகட்டிக் கொட்டுகிற வேலையே இல்லை, பாத்திரமும் ஒன்றுதான்.

மசாலாவை வீட்டிலேயே ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று கட்டி, மேலே பெயர் எழுதிக் கொண்டுபோங்கள். எழுதியிருந்தால் யார் வேண்டுமானாலும் சமைக்கலாம் இல்லையா? நான்கு நாளில் இரண்டு நாள் உங்கள் பெயர் அந்த அடுப்பில் இருக்கக் கூடாது. எட்டுப் பேரில் மற்ற ஏழு பேருக்கும் கை இருக்கிறது.

கேள்வி: எவ்வளவு ஊறவைத்தாலும் கொண்டைக்கடலை கல் மாதிரி இருக்கிறது. ராஜ்மாவும் அப்படித்தான். மெதுவாக வேகவைக்கிற மின்சாரப் பாத்திரத்தில் இரவு முழுக்க வைத்தால் சரியாகுமா?

பதில்: ராஜ்மாவை அதில் நேராகப் போடவே போடாதீர்கள். பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நஞ்சு ஒன்று இருக்கிறது, சரியாக வேகாமல் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடிக்கும். 80 டிகிரி போன்ற மிதமான சூட்டில் அது அழியாது, அதிகமாகக்கூட வாய்ப்பு உண்டு. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகத் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்க வேண்டும், அல்லது குக்கர்.

கடலை வேகாததற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: கடலை பழசு, தண்ணீர் உப்புத் தண்ணீர் (சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள நீரைச் சொல்கிறேன்), அல்லது தக்காளியோ புளியோ முதலிலேயே போட்டுவிட்டீர்கள். புளிப்பு இருந்தால் தோல் இளகாது, கடலை வெந்த பிறகுதான் புளிப்பைச் சேர்க்க வேண்டும். சமையல் உப்பைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள், ஊறவைக்கும் தண்ணீரிலேயே கொஞ்சம் உப்புப் போட்டால் தோல் நன்றாக இளகும். ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் உதவும், அதிகமானால் சோப்பு வாடை.

கேள்வி: திரும்பி வருகிற அன்றைக்கு என்ன செய்வது என்றுதான் எனக்குக் கவலை. ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து இறங்குவோம், ஃப்ரிட்ஜ் காலி, எல்லாரும் என் முகத்தையே பார்ப்பார்கள்.
— வேலைக்குப் போகிற அம்மா

பதில்: பயணத்தில் மிகக் கஷ்டமான சாப்பாடு அதுதான், யாரும் அதற்குத் திட்டம் போடுவதில்லை. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால், வழக்கமாகச் சமைக்கும்போதே இரண்டு காரியம் செய்துவிடுங்கள். கொண்டைக்கடலையை இரண்டு மடங்கு வேகவைத்துப் பாதியை ஃப்ரீசரில் போடுங்கள். வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டை எண்ணெய் பிரிகிற வரை நிதானமாக வதக்கி, அதையும் சின்ன டப்பாக்களில் உறையவையுங்கள். தட்டையான பையில் மெல்லியதாகப் போட்டால் பத்து நிமிடத்தில் இளகும், கட்டியாகப் போட்டால் பசியோடு சுத்தியலைத் தேட வேண்டும். வந்து இறங்கியதும் இரண்டையும் ஒரே வாணலியில் கொட்டிக் கொதிக்கவிட்டு, இன்னொரு அடுப்பில் சாதமோ, ஃப்ரீசரில் இருக்கிற ரொட்டியோ. இருபது நிமிடம். குளித்துவிட்டு வருகிற நேரம்தான்.

உருளைக்கிழங்கு மட்டும் உறையவைக்காதீர்கள், இளகியதும் மணல் மாதிரி ஆகிவிடும். வெள்ளரியும் தக்காளித் துண்டும் சொதசொதப்பு.

கிளம்பும் அன்று ஃப்ரிட்ஜில் மிச்சம் இருக்கிற காய்களைத் தூக்கிப் போட மனசில்லை என்றால் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, கொஞ்சம் துவரம்பருப்போ மசூர்ப்பருப்போ சேர்த்து சூப்பாக்கி, அதையும் உறையவையுங்கள். மசூர்ப்பருப்புக்கு ஊறவைக்கிற வேலையே இல்லை, 15, 20 நிமிடத்தில் கரைந்துவிடும், அவசரக்காரர்களின் பருப்பு என்று அதற்குப் பட்டமே கொடுக்கலாம்.

கேள்வி: சைவம் மட்டும் சாப்பிடும் குழந்தைகளுக்குப் புரதமும் இரும்பும் போதுமா என்று உறவுக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பருப்பு, பயறு, கடலை, பால், தயிர் இதெல்லாம் தினமும் தட்டில் இருந்தால் புரதத்துக்குக் கவலை வேண்டாம். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9 கிராம் போலப் புரதம் இருக்கிறது. இரும்பில்தான் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும், தாவர உணவில் இருக்கிற இரும்பை உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ளாது. அதே வேளையில் வைட்டமின் சி இருந்தால் அதிகம் எடுத்துக்கொள்ளும், ஆகவே பருப்பின் மேல் எலுமிச்சை பிழிவது, பக்கத்தில் கொய்யாவோ ஆரஞ்சோ வைப்பது எல்லாம் வெறும் ருசிக்காக மட்டும் இல்லை. சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் நேர்மாறு. பி12 மட்டும் தாவரங்களில் கிடைக்காது, பால் பொருட்களும் சாப்பிடாத வீடு என்றால் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோ கட்டாயம் வேண்டும். உறவுக்காரர்களுக்கு மாத்திரை கிடையாது.

இன்னொன்று, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஓடுகிற காரில் முழு வேர்க்கடலை, முந்திரி, முழு திராட்சை கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கினால் ஓட்டுகிறவரால் உடனே ஒன்றும் செய்ய முடியாது. திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுக்கலாம், கடலையைப் பொடித்துத்தான்.

கேள்வி: வெளியூரில் “வெஜ்” என்று சொல்லித்தான் வாங்குகிறோம், ஆனாலும் சந்தேகமாகவே இருக்கிறது. எப்படிக் கேட்பது?

பதில்: “இது வெஜ்ஜா?” என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், அவர்கள் கணக்கில் கறித்துண்டு இல்லை என்றால் வெஜ். பொருளைச் சொல்லிக் கேளுங்கள். சூப் என்றால் எதைக் கொதிக்கவைத்த தண்ணீர்? பொரித்தது என்றால் அதே எண்ணெயில் வேறு என்ன பொரித்தீர்கள்? சாஸில் மீன் இருக்கிறதா? சவ்வு மாதிரி இழுபடும் மிட்டாய்கள் பலவற்றில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சில சீஸ்களைத் திரியவைக்கக் கன்றின் இரைப்பையில் கிடைக்கும் ரென்னட் சேர்ப்பார்கள். பதிலில் திருப்தி இல்லையென்றால் சண்டை வேண்டாம், காரில் பிரெட்டும் வாழைப்பழமும் இருக்கிறதே.

கேள்வி: மாமனார் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். காரில் எப்படி எடுத்துப் போவது? ஐஸ் பெட்டியில் சாப்பாட்டோடு வைக்கலாமா?

பதில்: ஐஸைத் தொடுகிற மாதிரி வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலின் இளகினாலும் உபயோகமில்லை. வெயிலில் நிற்கிற காரிலும் விடக்கூடாது. துணியில் சுற்றி, ஐஸிலிருந்து தள்ளி, தனிக் குளிர் பையில், அவர் கைப்பையோடு இறங்கி ஏறட்டும், டிக்கிக்குப் போகவே வேண்டாம். உங்கள் வீட்டு மருந்துக்கு எவ்வளவு சூடு, எத்தனை நாள் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடலாம், அதனால் குளுக்கோஸோ இனிப்பு ஜூஸோ அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நிறுத்தாமல் ஓட்டுகிற கணவர் யாராவது இதையும் படித்தால் நல்லது.

கேள்வி: மனைவிக்கு ஓய்வு கொடுக்க நினைக்கிறேன். இந்த முறை பயணச் சாப்பாடு என் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எனக்கு டீ போடத் தெரியும். என்ன செய்வது?
— மாட்டிக்கொண்டவர்

பதில்: சபாஷ். உருளைக்கிழங்கைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள் (கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளியே குழைந்து உள்ளே வேகாது), கத்தி சுலபமாக இறங்கினால் எடுங்கள். தோல் உரித்து மசித்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், உப்பு, மிளகுத்தூள், எலுமிச்சை சேர்த்து பிரெட்டுக்கு நடுவில் வைத்து, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் அழுத்திச் சுட்டு எடுங்கள். காலையில் கிளம்பும் நேரத்தில் செய்து, செய்த இரண்டு மணி நேரத்துக்குள் முதல் நிறுத்தத்தில் சாப்பிட்டுவிட வேண்டும், மதியத்துக்கு என்று வைத்திருக்காதீர்கள்.

உப்பு எங்கே இருக்கிறது, எந்தப் பாத்திரம், மூடி எங்கே என்று மனைவியை எழுப்பிக் கேட்கக் கூடாது. முதல் நாளே சமையலறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள். முடிந்ததும் சிங்க்கில் கிடக்கிற பாத்திரமும் உங்கள் பொறுப்பில்தான் வரும்.

கேள்வி: பயணம் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது, காருக்குள் ஒரு வாடை போகவே மாட்டேன் என்கிறது. ஸ்ப்ரே எல்லாம் அடித்துப் பார்த்தாச்சு.

பதில்: ஸ்ப்ரேயை நிறுத்துங்கள். பின் சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், குழந்தை இருக்கையைக் கழற்றி அதற்குக் கீழேயும். ஒரு வாழைப்பழத் தோலோ, பாதி குடித்த பால் பாட்டிலோ கிடைக்கும் என்பது என் பந்தயம். எடுத்த பிறகு மிதியடிகளைக் கழுவி வெயிலில் காயப்போட்டு, அகலமான கிண்ணத்தில் சமையல் சோடாவைக் கொட்டி இரண்டு இரவு உள்ளே வைத்துவிடுங்கள். காலையில் வண்டியை எடுக்கும்போது கிண்ணத்தை வெளியே எடுக்க மறக்காதீர்கள்.